11 வால்வை 4 ஆக்கிய கதை: மின்சாரக் காரின் வெப்பச் சுற்றைச் சிக்கெடுப்பது எப்படி

மின்சாரக் காரின் பேட்டரி, மோட்டார், கேபின் மூன்றையும் தேவைக்கேற்பச் சூடாக்கும், குளிர்விக்கும் குழாய் அமைப்புதான் வெப்பச் சுற்று. நான் முதன்முதலில் தனியாகப் போட்ட வெப்பச் சுற்றுப் படத்தில் 11 வால்வு, 4 பம்ப், 2 ஹீட்டர், 3 கூலன்ட் தொட்டி இருந்தன. ஒரு தாளில் அடங்காமல் ஓரத்தில் இன்னொரு தாளை ஒட்டியிருந்தேன். பெருமையோடுதான் கொண்டுபோய்க் காட்டினேன். எங்கள் பிரிவின் மூத்த பொறியாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பேனா முனையை ஒரு வால்வின் மேல் வைத்துக் கேட்டார்.

"தம்பி, வண்டி ஓடுற ஒரு வருஷத்துல இது எத்தனை மணி நேரம் வேலை செய்யும்?"

"தெரியலை சார். தேவைப்படலாம்னு வெச்சேன்."

"எப்பத் தேவைப்படும்னு எழுதிட்டு வா. எழுத முடிஞ்சதை மட்டும் மையில போடு. மத்தது பென்சில்லயே இருக்கட்டும்."

திரும்பி வந்து எழுத உட்கார்ந்தேன். 11-ல் 5 வால்வுக்கு என்னால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. இன்று அதே அளவு காருக்கு 4 வால்வு, 3 பம்ப், 1 ஹீட்டர், 1 தொட்டியில் வேலையை முடிக்கிறோம். அந்தச் சுருக்கலை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன். இந்தத் துறைக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், பழைய காரை மின்சாரத்துக்கு மாற்றும் சிறு குழுக்களுக்கும் உதவும். இதெல்லாம் தாளிலும் சோதனை மேசையிலும் செய்கிற வேலை. கேஸ் நிரப்புவதும் உயர் மின்னழுத்த இணைப்பைத் தொடுவதும் அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் கையில்தான்.

இரண்டு சொற்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேஸ் என்றால் ஏசியில் ஓடும் ரெஃப்ரிஜிரன்ட். நீர் என்றால் பாதிக்குப் பாதி கிளைகால் கலந்த கூலன்ட். ஒர்க்‌ஷாப்பில் யாரும் வேறு பெயர் சொல்வதில்லை.

குழாய்க்கு முன் கணக்கு

பாகங்களை வரைந்துவிட்டு அவற்றை எப்படி இணைப்பது என்று யோசிப்பதுதான் என் முதல் தவறு. முதல் நாள் குழாயே வேண்டாம். ஒரு தாளின் இடது பக்கம் வெப்பம் எங்கே பிறக்கிறது, வலது பக்கம் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கிலோவாட் கணக்கு வேண்டும். எண் இல்லாத வரியை அடித்துவிடுங்கள்.

எங்கள் தாளில் இருந்த சில வரிகள் இவை. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது வண்டி இழுக்கும் சக்தி சுமார் 20 கிலோவாட். மோட்டாரும், பேட்டரி மின்சாரத்தை அதற்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரும் சேர்ந்து அதில் 8 சதவீதத்தை வெப்பமாக்குகின்றன என்று வைத்தால் 1.6 கிலோவாட். பெட்ரோல் எஞ்சினில் வெப்பம் கேட்காமலே கொட்டும், அதை எப்படி வெளியே தள்ளுவது என்பதுதான் கவலை. இங்கே எண்ணி எண்ணித்தான் செலவழிக்க வேண்டும். வெளியே மைனஸ் 10 டிகிரி என்றால் எங்கள் கேபினுக்கு மட்டும் 4 கிலோவாட் போகிறது.

பேட்டரி 400 கிலோ. ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 1 கிலோஜூல். மைனஸ் 10-ல் இருந்து 20 டிகிரிக்குக் கொண்டுவர 12,000 கிலோஜூல், அதாவது 3.3 யூனிட் மின்சாரம். 5 கிலோவாட் ஹீட்டர் 40 நிமிடம் முழு மூச்சில் ஓட வேண்டும். உறைநிலைக்குக் கீழே வேகமாக சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியத் தொடங்கும், செல் கெடும். அதனால் இந்த வரியை அடிக்க முடியாது.

அடுத்தது வேக சார்ஜ். 400 வோல்ட் பேட்டரிக்கு 150 கிலோவாட் ஏற்றினால் 375 ஆம்பியர். பேட்டரியின் உள் தடை 50 மில்லி ஓம் என்றால் கரன்ட்டின் வர்க்கத்தைத் தடையால் பெருக்க வருவது 7 கிலோவாட் வெப்பம். தாளிலேயே பெரிய எண் இதுதான்.

இனிதான் முக்கியமான வேலை. எந்த இரண்டு வரி ஒரே நேரத்தில் வருகின்றன, எவை ஒருபோதும் சேர்ந்து வருவதில்லை என்று கோடு போட்டுப் பாருங்கள். வேக சார்ஜின் 7 கிலோவாட் வரும்போது வண்டி நிற்கிறது, மோட்டார் சும்மா இருக்கிறது. அப்படியானால் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் தனித்தனி ரேடியேட்டர் எதற்கு? நான் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றை அன்றே எடுத்தேன்.

மோதுகிறவை இரண்டே இரண்டு: குளிரில் வண்டியை எடுக்கும் முதல் இருபது நிமிடத்தில் கேபினும் வெப்பம் கேட்கும், பேட்டரியும் கேட்கும். என் இரண்டாவது ஹீட்டர் அந்த இருபது நிமிடத்துக்காகவே இருந்தது. வண்டி பிளக்கில் இருக்கும்போதே இரண்டையும் சூடாக்கிவிட்டால் சாலையில் இந்த மோதல் பெரும்பாலும் வராது. பிளக் கிடைக்காத நாளில் பேட்டரி கொஞ்சம் மெதுவாகச் சூடேறும், அவ்வளவே. ஒரு இருக்கை ஹீட்டருக்கு 100 வாட் போதும். உட்காருபவரின் முதுகைச் சூடாக்கினால் கேபின் காற்றை இரண்டு மூன்று டிகிரி குறைவாக வைத்தாலும் யாரும் முணுமுணுப்பதில்லை. தேவையைக் குறைப்பதைவிட மலிவான வெப்ப இயந்திரம் எதையும் நான் பார்த்ததில்லை.

ஹீட் பம்ப் ஒரு ஏற்றம்

தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். தண்ணீர் போல வெப்பமும் தானாக மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். ஹீட் பம்ப் அதைப் பள்ளத்திலிருந்து இறைத்து மேட்டில் ஊற்றுகிறது. வெளியே 0 டிகிரியாக இருந்தாலும் அந்தக் காற்றில் வெப்பம் இருக்கிறது. அதைவிடக் குளிர்ந்த கேஸைக் காட்டினால் வெப்பம் அதற்குள் இறங்கிவிடும். அந்தக் கேஸை கம்ப்ரசர் அழுத்தும்போது வெப்பநிலை ஏறும், ஏறியதை கேபினுக்குக் கொடுக்கலாம். இறைக்கிறவனுக்கு எவ்வளவு உழைப்பு என்பது கிணற்றின் ஆழத்தைப் பொறுத்தது. அதுபோலத்தான் இங்கேயும்: குளிர்ந்த பக்கத்துக்கும் சூடான பக்கத்துக்கும் உள்ள இடைவெளி கூடக் கூட ஒரு கிலோவாட் மின்சாரத்துக்குக் கிடைக்கும் வெப்பம் குறையும். சாதாரண ஹீட்டர் 1 கொடுத்தால் 1 தரும். ஹீட் பம்ப் மிதமான குளிரில் 2, 3 தரும், கடுங்குளிரில் 1-ஐ நோக்கி இறங்கும். இந்தக் கிணற்று ஆழத்தை மட்டும் நினைவில் வையுங்கள். பின்னால் நாம் கொடுக்கப்போகும் விலை இதில்தான் இருக்கிறது.

வால்வை எண்ணாதீர்கள், மோடை எண்ணுங்கள்

மோடு என்றால் சுற்று வேலை செய்யும் ஒரு விதம். என் பழைய படத்தில் 14 மோடு இருந்தது. கம்ப்ரசர் ஓடுமா, ரேடியேட்டர் எந்தப் பக்கம், பேட்டரி எதோடு சேரும் என்று ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வரிசை. படம் சிக்கலாக இருந்ததற்கு வால்வுகளைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தப் பட்டியல் கேட்டதால்தான் அவை வந்தன. ஆகவே ஒவ்வொரு மோடுக்கும் எதிரே இரண்டு எண் எழுதுங்கள்: வருடத்தில் எத்தனை மணி நேரம், அந்த மோடு இல்லாவிட்டால் எத்தனை வாட் இழப்பு.

ஒரு உதாரணம். ஆறாவது மோடு எனக்கு ரொம்பப் பிடித்தது: ஓடும்போது பேட்டரியில் பிறக்கும் வெப்பத்தை மட்டும் எடுத்து கேபினுக்குக் கொடுப்பது, மோட்டார் தனியாக ஆறிக்கொள்ளட்டும் என்று விடுவது. கேட்க அழகாக இருக்கும். இரண்டு வால்வும் ஒரு பம்பும் கேட்கும். கணக்கு போட்டேன். 20 கிலோவாட் ஓட்டத்தில் 400 வோல்ட்டில் 50 ஆம்பியர். வர்க்கம் 2,500, அதை 50 மில்லி ஓமால் பெருக்கினால் 125 வாட். 125 வாட்டுக்கு இரண்டு வால்வு, ஒரு பம்ப், ஆறு இணைப்பு. பம்பே அதில் பாதியைத் தின்றுவிடும். தாளைக் கசக்கிப் போட வேண்டும் போல இருந்தது.

கடைசியில் நின்றவை ஐந்து. கோடையில் கேபினும் பேட்டரியும் குளிர்வது, வேக சார்ஜும் இதற்குள்தான். மிதமான நாளில் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் ரேடியேட்டரிடம் விடுவது. குளிரில் வெளிக்காற்றிலும் மோட்டாரிலும் இருந்து வெப்பத்தை இறைப்பது. கண்ணாடியில் ஆவி படியும்போது காற்றைக் குளிர்வித்து ஈரத்தை எடுத்துவிட்டுத் திரும்பச் சூடாக்குவது. ரேடியேட்டரில் பனி பிடித்தால் உருக்குவது. ஐந்துக்கு மேல் யாராவது கேட்டால் அந்த இரண்டு எண்ணோடு வரச் சொல்லுங்கள்.

கேஸ் ஒரே திசையில் ஓடட்டும், திருப்பம் எல்லாம் நீருக்கு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமான வடிவத்தில் கேஸ் நேராக கேபினுக்குள் உள்ள சுருளுக்கும் முன்பக்கத்து சுருளுக்கும் போகும். கோடையில் ஒரு பக்கம், குளிரில் மறுபக்கம். திசையை மாற்ற ஷட்-ஆஃப் வால்வுகளும் கேஸின் அழுத்தத்தை இறக்கிக் குளிரவைக்கும் இரண்டு மூன்று எக்ஸ்பான்ஷன் வால்வுகளும் தேவை. திசை மாறும்போது சும்மா கிடக்கும் சுருளுக்குள் கேஸ் போய் ஒதுங்கிக்கொள்ளும், ஓடுகிற பக்கத்துக்குப் பற்றாமல் போகும். கம்ப்ரசரின் எண்ணெயும் கேஸோடுதான் சுற்றுகிறது. அதுவும் ஏதோ ஒரு மூலையில் தேங்கினால் கம்ப்ரசர் காயும். மின்சாரக் கம்ப்ரசரில் மோட்டார் சுருள் கேஸிலும் எண்ணெயிலும் மூழ்கியே இருப்பதால் மின்காப்புள்ள எண்ணெய்தான் ஊற்ற வேண்டும், தவறான எண்ணெயை ஊற்றினால் மின்காப்பே கெடும். இத்தனை தலைவலியும் கேஸ் பக்கம் திருப்பங்கள் வைப்பதால்தான்.

மாற்று வழி இது. கம்ப்ரசர், நீரால் ஆறும் கண்டன்சர், ஒரே ஒரு எக்ஸ்பான்ஷன் வால்வு, சில்லர், கம்ப்ரசருக்கு முன்னால் திரவத்தைப் பிடித்து வைக்கும் அக்யுமுலேட்டர். ஐந்தே பாகம், ஒரே திசை, வீட்டுக் குளிர்பதனப் பெட்டியைப் போல. கண்டன்சரில் எப்போதும் சூடான நீர் பிறக்கும், சில்லரில் எப்போதும் குளிர்ந்த நீர் பிறக்கும். எந்த நீர் எங்கே போக வேண்டும் என்பதை நீர் வால்வு பார்த்துக்கொள்ளும். நீர் வால்வு ஒழுகினால் தரையில் ஈரம் தெரியும். கேஸ் வால்வு ஒழுகினால் ஆறு மாதம் கழித்துக் குளிர் குறையும்போதுதான் தெரியும்.

இன்னொரு லாபம் உண்டு. கேஸ் சுற்று கைப்பெட்டி அளவுக்குச் சுருங்குவதால் கேஸின் அளவும் குறைகிறது. புவி வெப்பமாக்கும் திறன் 150-க்கு மேற்பட்ட கேஸைப் புதிய கார்களின் ஏசியில் ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் அனுமதிப்பதில்லை. முன்பு கார் ஏசியில் இருந்த ஆர்-134ஏ அதில் போய்விட்டது. அதற்குப் பதில் வந்த ஆர்-1234 ஒய்எஃப் சாதாரண காற்றழுத்தத்தில் மைனஸ் 29.5 டிகிரியில் கொதிக்கும். ஆகவே அதற்கும் கீழே போனால் உறிஞ்சும் குழாயில் வெற்றிடம் உண்டாகும், சிறு ஓட்டை இருந்தாலும் காற்றை இழுத்துக்கொள்ளும். கார்பன் டை ஆக்சைடு, அதாவது ஆர்-744, கடுங்குளிரில் நன்றாக வேலை செய்யும். ஃபோக்ஸ்வாகன் தன் ஐடி வரிசை மின்சாரக் கார்களில் அதை ஹீட் பம்ப்புக்கு எடுத்தது. ஆனால் 0 டிகிரியிலேயே அதன் அழுத்தம் 35 பார், சூடான பக்கத்தில் 100 பாரைத் தாண்டும். குழாய், இணைப்பு எல்லாம் அதற்கேற்ற கனத்தில் வேண்டும். புரொப்பேன், ஆர்-290, மைனஸ் 42-ல் கொதிக்கும், அழுத்தமும் சாதாரணம், ஆனால் எளிதில் தீப்பிடிக்கும். அதை கேபினுக்குள் கொண்டுவர யாருக்கும் துணிவு வராது. கேஸ் சுற்று முன்பக்கத்தில் ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கினால்தான் அதைப் பற்றிப் பேசவே முடியும்.

இப்போது விலை. கேஸுக்கும் காற்றுக்கும் நடுவே நீர் புகுந்ததால் இரண்டு பக்கமும் ஒரு படி கூடுகிறது. நேரடிச் சுற்றில் கேஸ் மைனஸ் 12-ல் கொதித்து 50-ல் திரவமாகும் என்றால், நீர் வழியாக அதே வேலைக்கு மைனஸ் 18-ம் 56-ம் வேண்டியிருக்கும். கிணறு 62-ல் இருந்து 74 டிகிரி ஆழமாகிவிட்டது. எந்த ஹீட் பம்ப்பும் தாண்ட முடியாத உச்சமான கார்னோ வரம்பின்படி பார்த்தால் 5.2-ல் இருந்து 4.45-க்கு இறக்கம், சுமார் 15 சதவீதம். நிஜத்தில் 4 கிலோவாட் வெப்பத்துக்கு நேரடிச் சுற்று 1.7 கிலோவாட் இழுத்தால் இது 2 இழுக்கும். 300 வாட் வித்தியாசம், அதுவும் குளிர் நாளில். 20 கிலோவாட் இழுக்கும் வண்டியில் இதை ஏற்றுக்கொண்டு ஏழு வால்வைத் தூக்கி எறிய நான் தயார். பனிப் பிரதேசத்துக்கு மட்டுமே விற்கும் வண்டி என்றால் என் முடிவு மாறலாம்.

வரிசையை மாற்றினால் ஒரு வால்வு மிச்சம்

நீர்ச் சுற்றில் பாகங்களை எந்த வரிசையில் கோக்கிறோம் என்பதற்குப் பலர் ஐந்து நிமிடம்கூடக் கொடுப்பதில்லை. நான் இரண்டு வாரம் கொடுத்தேன். நட்டமில்லை.

மோட்டாரையும் ரேடியேட்டரையும் ஒரே கிளையாகக் கட்டுங்கள்: நீர் முதலில் மோட்டாருக்கு, பிறகு ரேடியேட்டருக்கு. இந்தக் கிளை முழுவதையும் ஒரு நாலு வழி வால்வு கண்டன்சர் பக்கமோ சில்லர் பக்கமோ சேர்க்கும். கோடையில் கண்டன்சர் பக்கம். கண்டன்சரில் இருந்து வரும் 55 டிகிரி நீர் மோட்டாரைத் தாண்டிப் போகிறது, மோட்டாருக்கு அது பெரிய சூடில்லை. ரேடியேட்டரில் ஆறி, சுற்றிலேயே குளிர்ந்த நிலையில் கண்டன்சருக்குத் திரும்புகிறது. கிணறு ஆழம் குறைகிறது. ரேடியேட்டரை முதலிலும் மோட்டாரை அடுத்தும் போட்டிருந்தால் மோட்டார் சூடும் சேர்ந்து கண்டன்சரில் ஏறியிருக்கும்.

குளிரில் இதே கிளை சில்லர் பக்கம் போகிறது. இங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. மோட்டார் முதலில் வந்தால் அதன் வெப்பம் ரேடியேட்டர் வழியாக வெளியே ஓடிவிடாதா? அதற்காகவே ரேடியேட்டரைச் சுற்றிப் போக ஒரு பைபாஸ் வால்வு வைத்திருந்தேன். கணக்கு வேறு சொன்னது. நிமிடத்துக்கு 10 லிட்டர் நீர் ஓடினால், ஒரு டிகிரி ஏற 0.6 கிலோவாட் வேண்டும். மோட்டாரின் 1.6 கிலோவாட் நீரை 2.7 டிகிரிதான் ஏற்றும். சில்லரில் இருந்து வரும் நீர் வெளிக்காற்றைவிட 8 டிகிரி குளிர்ச்சியாக இருந்தால், மோட்டாரைத் தாண்டிய பிறகும் 5 டிகிரி குளிர்ச்சியாகத்தான் ரேடியேட்டருக்குள் நுழைகிறது. வெப்பம் உள்ளே வரும், வெளியே போகாது. பைபாஸ் வால்வை அன்று மாலையே அழித்தேன்.

பேட்டரிக்குத் தனி பம்ப், ஒரு தேர்வு வால்வு: சூடான சுற்றோடு சேரலாம், குளிர்ந்த சுற்றோடு சேரலாம், தனியாகவும் சுற்றலாம். மிதமான நாளில் கம்ப்ரசர் நின்றுவிட்டால் சூடான சுற்று வெறும் ரேடியேட்டர் சுற்றாகிவிடுகிறது, பேட்டரியை அதோடு சேர்த்தால் கம்ப்ரசர் செலவே இல்லாமல் ஆறும். இதற்கென்று நான் முன்பு ஒரு வால்வு வைத்திருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கேபின் பெட்டியில் சூடான சுருளும் குளிர்ந்த சுருளும் எப்போதும் அதனதன் சுற்றிலேயே இருக்கும். சூடு வேண்டாதபோது காற்றுத் தடுப்பு மூடிக்கொள்ளும், நீரை நிறுத்த வேண்டியதில்லை. குளிர்ந்த சுருளுக்கு மட்டும் ஒரு திருப்பு வால்வு. குளிர்காலத்தில் சில்லர் நீர் அதில் ஓடினால் கேபினுக்குள் வரும் காற்றை முதலில் குளிர்வித்துவிட்டுப் பிறகு சூடாக்கும், தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது போல. எக்ஸ்பான்ஷன் வால்வோடு சேர்த்து எண்ணினால் 4.

பனி உருக்குவதற்குத் தனி ஏற்பாடு இல்லை. நாலு வழி வால்வை மூன்று நிமிடம் கண்டன்சர் பக்கம் திருப்பினால் ரேடியேட்டருக்குள் சூடான நீர் போகும். அந்த நேரம் சில்லருக்கு வெப்பம் கொடுப்பது பேட்டரி. 3 கிலோவாட் வீதம் மூன்று நிமிடம் எடுத்தால் 540 கிலோஜூல், 400 கிலோ பேட்டரி ஒன்றரை டிகிரிகூடக் குறையாது. சூடான சுற்றில் இருக்கும் ஒற்றை ஹீட்டர் கேபினைக் கவனித்துக்கொள்ளும்.

ஒட்டவைத்தால் குறைந்துவிடாது

2020-ல் மாடல் ஒய்-யோடு டெஸ்லா கொண்டுவந்த ஆக்டோவால்வைப் பார்த்துவிட்டு எல்லோரும் எட்டு வழி வால்வு கேட்கத் தொடங்கினார்கள். அது நல்ல பொறியியல்தான். ஒரே சுழலும் வால்வு பல சுற்றுகளைப் பலவிதமாக இணைக்கிறது, ஹோஸும் இணைப்பும் மிச்சமாகின்றன. ஆனால் அதன் மோடுகள் அப்படியே உள்ளே இருக்கின்றன, வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். அச்சு வார்க்கும் செலவை லட்சக்கணக்கான வண்டிகளில் பரப்ப முடிந்தவர்களுக்கு அது சரி. இருநூறு வண்டி செய்யும் குழு அதைப் பின்பற்றினால் ஒரு சீல் போனதற்கு முழுக்கட்டையையும் மாற்றும் நிலை வரும்.

பல நீர் வழிகளை ஒன்றாக அடக்கிய மேனிஃபோல்ட் கட்டையில் இன்னொரு விஷயத்தையும் பாருங்கள். 60 டிகிரி நீரும் மைனஸ் 10 நீரும் பக்கத்துப் பக்கத்துத் துளையில் ஓடினால் நடுச்சுவர் வழியாக வெப்பம் கசியும். 3 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் சுவர், உள்ளங்கை அளவு பரப்பு என்றால் 60 வாட்டுக்குள் முடியும். அதையே அலுமினியத்தில் வார்த்தால் சுவர் தடுப்பதே இல்லை, கசிவு பல மடங்காகும். சுருக்கிய பெருமையை அங்கேயே இழப்போம்.

மறுகோடியும் உண்டு. 2010-ல் வந்த நிசான் லீஃபின் பேட்டரிக்கு நீர்ச் சுற்றே கிடையாது. அதைவிட எளிமையாக யாரும் செய்ய முடியாது. ஆனால் ஒரே நாளில் அடுத்தடுத்து வேக சார்ஜ் போட்டால் உள்ளே சேரும் வெப்பம் போக வழி குறைவு. எதை எடுக்கிறோமோ அதன் வேலையை யார் செய்யப்போகிறார்கள் என்று கேட்காமல் எடுக்கக் கூடாது.

குளிரறையில் மூன்று நாள்

பழைய 11 வால்வு வண்டியை மைனஸ் 15 டிகிரி குளிரறையில் நிறுத்தியிருந்தோம். மின்சாரச் செலவு கணக்கைவிட ஏறக்குறைய 1 கிலோவாட் அதிகம். எந்தப் பிழைக் குறியீடும் இல்லை. எல்லா வால்வும் சொன்ன இடத்தில்தான் இருக்கிறோம் என்று திரையில் சத்தியம் செய்துகொண்டிருந்தன. முதல் நாள் மென்பொருளைச் சந்தேகப்பட்டோம், இரண்டாம் நாள் கேஸ் குறைந்திருக்குமோ என்று பார்த்தோம். 14 மோடில் எதெல்லாம் இப்படிச் செய்யக்கூடும் என்று பலகையில் எழுதினால் ஒன்பது வந்தது.

மூன்றாம் நாள் கையுறையோடு வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். சில்லர் ஹோஸ்களின் மேல் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. பேட்டரி பக்கம் போகும் ஹோஸில் பனியே இருக்கக் கூடாது. வால்வில் இருந்து ஒரு சாண் தூரத்துக்கு அதிலும் வெள்ளை, அதற்கப்புறம் கத்தியால் வெட்டியது போல நின்றிருந்தது. வால்வைத் திருப்பும் ஆக்சுவேட்டரைக் கழற்றினேன். அதன் சிறு மோட்டார் முழுதாகத் திரும்பியிருக்கிறது, ஆனால் தண்டின் பற்கள் தேய்ந்து வழுக்கியதால் உள்ளே இருக்கும் உருளை பாதியில் நின்றுவிட்டது. குளிர்ந்த நீர் பேட்டரிக்குள் கசிய, பேட்டரி குளிர்கிறதே என்று மென்பொருள் ஹீட்டரைப் போட, ஹீட்டர் கொடுத்ததை சில்லர் எடுத்துக்கொள்ள, இரண்டும் கைகோத்துக்கொண்டு மின்சாரத்தைத் தின்றிருக்கின்றன.

இதில் இருந்து இரண்டு பழக்கம் வந்தது. ஒன்று, வால்வின் வாய்மொழியை நம்பாமல் அதைத் தாண்டியதும் ஒரு வெப்பநிலை சென்சார். நிலை சென்சார் எதை நினைக்கிறது என்று சொல்லும், வெப்பநிலைதான் எது நடக்கிறது என்று சொல்லும். இரண்டு, படம் முடிந்ததும் ஒவ்வொரு வால்வையும் மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டதாக வைத்து எழுதிப் பார்ப்பது: முழுதாக இந்தப் பக்கம், முழுதாக அந்தப் பக்கம், பாதியில். நாலு வால்வுக்குப் பன்னிரண்டு வரி, ஒரு காலையில் முடியும். பதினொன்றுக்கு முப்பத்து மூன்று வரி, யாரும் எழுத மாட்டார்கள். நானும் எழுதவில்லை.

மின்சாரம் போனால் வால்வு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதையும் அந்தத் தாளிலேயே குறியுங்கள். எங்களுக்கு மோட்டார் கிளை கண்டன்சர் பக்கம். கம்ப்ரசர் நின்றாலும் ரேடியேட்டர் மோட்டாரைக் காப்பாற்றும்.

மென்பொருளுக்குள் ஒளித்துவைக்காதீர்கள்

குழாயில் குறைத்ததையெல்லாம் மென்பொருளில் சேர்த்துவிட்டு எளிமையாகிவிட்டது என்று சொல்லும் பழக்கம் இந்தத் துறையில் அதிகம். ஐந்து மோடு என்றால் மென்பொருள் நிரலிலும் ஐந்துதான் இருக்க வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் எல்லையில் இடைவெளி விடுங்கள், எங்கள் வண்டியில் 3 டிகிரி. தாவியதும் குறைந்தது 2 நிமிடம் அங்கேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியே 12 டிகிரியாக இருக்கும் காலையில் வால்வு கிறீச் கிறீச் என்று முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என்ன சத்தம் என்று கேட்பார்.

மாறும் வரிசையும் முக்கியம். முதலில் கம்ப்ரசர் வேகத்தைக் குறை, பிறகு பம்ப், அதற்குப் பிறகு வால்வைத் திருப்பு, நீர் ஒரு சுற்று வந்ததும் பழைய வேகத்துக்கு ஏற்று. கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடும்போது சில்லருக்குள் திடீரென்று குளிர்ந்த நீர் பாய்ந்தால் கேஸ் முழுதாகக் கொதிக்காமல் திரவமாகவே திரும்பும். அக்யுமுலேட்டர் கொஞ்சம் தாங்கும், எல்லா முறையும் தாங்காது.

கடைசியில் காற்று

எவ்வளவு அழகாக வரைந்தாலும் சுற்றுக்குள் காற்று நின்றால் எதுவும் நடக்காது. தொட்டி எல்லாவற்றையும்விட உயரத்தில் இருக்கட்டும். ஹோஸ் மேலே ஏறி இறங்கும் திமிலை வைக்காதீர்கள், வைத்தே ஆக வேண்டுமென்றால் அதன் உச்சியில் காற்று வெளியேற ஒரு வழி வேண்டும். முடிந்தால் வெற்றிடம் எடுத்துவிட்டு நிரப்புங்கள். முதல் சோதனை வண்டியில் தொட்டிக்குத் திரும்பும் இடத்தில் ஒரு முழம் கண்ணாடி போன்ற ஹோஸைப் போட்டு, ஒவ்வொரு மோடிலும் பத்து நிமிடம் பம்பை ஓட்டி, குமிழ் நிற்கும்வரை பாருங்கள். ஒரு வால்வு நிலையில் மட்டும் குமிழ் வந்துகொண்டே இருந்தால் அந்தக் கிளையில்தான் காற்று ஒளிந்திருக்கிறது. பம்ப் சத்தம் கரகரவென்று இருந்து திடீரென அடங்கும், அப்போது ஓட்டமும் ஏறியிருக்கும். இந்த வேலையில் காது நல்ல கருவி.

வேகமாக ஓடட்டும் என்று பம்பை எப்போதும் முழுதாகத் திறக்காதீர்கள். ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் பம்பின் சக்தி ஏறக்குறைய எட்டு மடங்கு. நிமிடத்துக்கு 10 லிட்டர் போதும் இடத்தில் 20 ஓட்டினால், கேஸ் சுற்றை எளிமையாக்கக் கொடுத்த அந்த 300 வாட்டில் பாதியை மறுபடியும் பம்புக்கே கொடுத்துக்கொண்டிருப்போம்.

பெரியவரிடம் புதிய படத்தைக் கொண்டுபோனபோது பாதித் தாள் காலியாக இருந்தது. ஒவ்வொரு வால்வின் மேலும் பேனாவை வைத்தார், மணி நேரத்தைச் சொன்னேன். நாலாவதில், கேபின் குளிர்ச் சுருளின் திருப்பு வால்வில், பேனா நின்றது. "இது காத்துத் தடுப்பு செய்யற வேலைதானே தம்பி?" என்றார். குளிர்ந்த சுருளைச் சுற்றிக் காற்று போக வழி விட்டால் கேபின் பெட்டி எவ்வளவு பெரிதாகும், அந்த இடம் டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிறதா என்று இன்னும் அளந்துகொண்டிருக்கிறேன். அந்த ஒரு வால்வு மட்டும் படத்தில் பென்சிலில்தான் இருக்கிறது.